வாசலைத் தாண்டிய கடைகள்

ஷாஜஹான் 1639இல் அடிக்கல் நாட்டி, 1648இல் குடிபுகுந்த தில்லி நகரத்தின் பழைய மாளிகைகளான ஹவேலிகள் கடைகளாகிவிட்டன என்று வருந்துவோர் பலர். அவ்வருத்தம் நியாயமானதே. ஆயினும் ஒன்றை நாம் மறந்துவிடலாகாது. அம்மாளிகைகள் கட்டப்பட்ட நாளிலேயே அவற்றின் தெருப்பக்கச் சுவரை ஒட்டிக் கடைகள் இருந்தன. அவற்றின் வாடகை உரியவருக்கு வருமானமாயிற்று. கடைகளுக்கு இடையே உயர்ந்த வாயில்; அதனுள்ளே ஸஹ்ன் எனும் முற்றம், ஆடவர் கூடும் திவான்கானா, பெண்டிர் வாழும் ஸனானா. வணிகம் வாசலோடு நின்றது.

அந்த எல்லையை உடைத்தது வணிகரின் பேராசை மட்டுமன்று. 1857 செப்டம்பரில் ஆங்கிலேயர் நகரை மீண்டும் கைப்பற்றியதும் மக்களை வெளியேற்றினர். இந்துக்கள் முன்னதாகத் திரும்ப, முஸ்லிம்கள் நெடுநாள் காத்திருக்க நேர்ந்தது. பறிமுதலான வீடுகள் ஏலத்தில் கைமாறின. ஃபதேபூரி மஸ்ஜிதையே லாலா சுன்னாமல் என்னும் வணிகர் 19,000 ரூபாய்க்கு வாங்கினார் என்றால் வீடுகளின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ! (மஸ்ஜித் 1877இல் முஸ்லிம்களிடம் திரும்பியது.) 1947இல் மற்றோர் அலை. பாகிஸ்தான் சென்றோரின் வீடுகளில் பஞ்சாபிலிருந்து அனைத்தையும் இழந்து வந்த அகதிகள் குடியேறினர். ஒரு குடும்பம் வாழ்ந்த முற்றத்தைப் பல குடும்பங்கள் தடுப்புச்சுவர் எழுப்பிப் பங்கிட்டன. பின்னர் அந்த அறைகள் கிடங்குகளாயின. பிழைக்க வந்தவரைக் குற்றம் சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

பேகம் சம்ருவின் மாளிகை இன்று பகீரத் பேலஸ் என்னும் மின்பொருள் சந்தை. பெருந்தூண்கள் இன்னும் நிற்கின்றன. அவற்றைச் சூழ்ந்து கம்பிச் சுருள்களும் விளக்குகளும். 2022 நவம்பரில் அச்சந்தையில் பற்றிய தீயை அணைக்க நாட்கள் பிடித்தன. கட்டடங்கள் சிலவும் இடிந்தன. வாழ்வதற்கென எழுப்பிய இடத்தில் சரக்கை அடுக்கினால் நேரும் ஆபத்து, அழகு குலைவது மட்டுமன்று.

பல்லிமாரானில், காஸிம் ஜான் சந்தில், மிர்ஸா காலிப் 1869இல் கண்மூடிய வீட்டிலும் 1999 வரை கடைகள் நடந்தன. அரசு அதைக் கையகப்படுத்திச் செப்பனிட்டு, நினைவில்லமாகத் திறந்தது. மீட்கப்பட்டது அவ்வீட்டின் ஒரு பகுதியே.