பங்குனி நள்ளிரவில் விழுந்த மீன்

பங்குனி உத்திரத்தன்று திருவரங்கத்தில் சேர்த்தி சேவை. நம்பெருமாளும் தாயாரும் சேர்ந்து காட்சி தருவது ஆண்டுக்கு அந்த ஒரு நாள்தான். நள்ளிரவு வாக்கில் சித்திரை வீதியில் நின்று அண்ணாந்து பார்த்தால் முழுநிலவு உச்சியில் இருக்கும். அதை ஒட்டினாற்போல உத்திரம்.

இதே பங்குனியில், நிலவில்லாத ஒரு நள்ளிரவில், சங்கப் புலவர் கூடலூர் கிழாரும் வானத்தைப் பார்த்தார். உத்திரம் உச்சியிலிருந்து சாய்ந்துகொண்டிருந்தது. கிழக்கே மூலம் எழுந்தது, மேற்கே மிருகசீரிடம் இறங்கியது. அந்த வேளையில், கடல் சூழ்ந்த நிலத்துக்கே விளக்கேற்றியதுபோல, ஒரு மீன் தீயைச் சிதறிக்கொண்டு விழுந்தது. கிழக்கிலும் போகவில்லை, வடக்கிலும் போகவில்லை என்று அதன் போக்கையும் குறிக்கிறார். புறநானூற்றின் 229-ஆம் பாடல் இது.

கொள்ளிடக் கரையில் ஒருமுறை அப்படியொரு எரிமீனைப் பார்த்தேன். பச்சை கலந்த வெள்ளை. பனைமரத்தின் நிழல் மணலில் சட்டென்று விழுந்து, நகர்ந்து, மறைந்தது. மூன்று நொடிகூட இருக்காது. “பச்சை மரத்தைப் பாருடா” என்றாள் பாட்டி. எரிநட்சத்திரத்தைப் பார்த்த கண்ணுக்கு அதுதான் பரிகாரம். எந்தத் திசையில் போனது என்று மறுநாள் கேட்டவர்களுக்கு எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கிழாரின் கண் எப்பேர்ப்பட்டது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அசுர வேகத்தில் வரும் விண்கல் தன் முன்னால் இருக்கும் காற்றை நெருக்கிக் கொதிக்க வைக்கிறது. அந்தச் சூட்டில் தானும் உருகி ஒளிர்கிறது. பெரும்பாலும் வழியிலேயே தீர்ந்துபோகும். தப்பியது தரைக்கு வரும். 1857 பிப்ரவரி 28-இல் பெருநாழியில் வந்து விழுந்த கல்லின் பெரும்பகுதி இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கிழாருக்கு இந்தக் கணக்கெல்லாம் இல்லை, அச்சம் இருந்தது. சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்ற அச்சம். திருச்சியிலிருந்து காவிரியோடு மேற்கே போனால் கரூர். அதையடுத்த புகழூர் ஆறுநாட்டார் மலைக் கல்வெட்டு இந்த இரும்பொறை மரபில் மூன்று தலைமுறையைச் சொல்கிறது. இவனும் அந்த மரபினன்.

ஏழாம் நாள் மன்னன் இறந்தான். யானைகள் துதிக்கையைத் தரையில் போட்டுக் கிடந்தன. முரசு கிழிந்து உருண்டது, வெண்குடை காம்பொடிந்தது, குதிரைகள் நின்ற இடத்திலேயே நின்றன. இந்த மன்னன் கேட்டு ஐங்குறுநூற்றைத் தொகுத்துக் கொடுத்தவர் கூடலூர் கிழார். இதையும் அவரேதான் பாட வேண்டியிருந்தது.

(தொடரும்)