சேற்றுக்குள் நிற்கும் ஆற்றுத்துறைகள்

யட்டியாந்தோட்டை என்ற பெயரில் வருகின்ற 'தோட்டை' நாம் கொழுந்து பறிக்கும் தோட்டமன்று. சிங்களத்தில் 'தொட்ட' என்றால் ஆற்றுத்துறை. புகையிரதப் பாதை வருவதற்கு முன்னர், களனி கங்கையின் அந்தத் துறையிலிருந்துதான் தோட்ட விளைபொருட்கள் படகேறிக் கொழும்பு சென்றன. புகையிரதம் வந்தது, துறை ஓய்ந்தது, பெயர் மட்டும் எஞ்சியது.

அன்று படகு கட்டிய முளைகள் எங்கே? மரந்தானே, உக்கியிருக்கும் என்போம். நேயர்களே, மரம் எப்போதும் உக்கிவிடுவதில்லை.

இலண்டன் மாநகரில் புனித மக்னஸ் தேவாலய வாசலில் ஒரு பழைய மரக்கட்டை நிறுத்தப்பட்டுள்ளது. 1931இல் பக்கத்துத் தெருவொன்றின் அடியில் கிடைத்த அது, உரோமர் அமைத்த துறையின் பகுதி என்பர். 1970களிலும் 1980களிலும் தேம்ஸ் நதியோரத்தில் புதுக் கட்டிடங்களுக்காக நிலத்தைத் தோண்டியபோது, சதுரமாகச் செதுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஓக் மரங்களாலான துறைச்சுவர்கள் வரிசையாக வெளிப்பட்டன. ஒவ்வொரு தலைமுறையும் பழைய துறைக்கு முன்னே புதிய துறையைக் கட்டி, இடைவெளியை மண்ணாலும் குப்பையாலும் நிரப்பியிருக்கிறது. உரோமர் காலக் கரையிலிருந்து இன்றைய கரை ஏறத்தாழ நூறு மீற்றர் தள்ளி நிற்கிறது. மரங்களின் ஆண்டு வளையங்களை எண்ணி, அவை வெட்டப்பட்ட காலத்தையும் ஆய்வாளர் கணித்துவிடுகின்றனர்.

நம் பக்கத்திலும் இத்தகைய சான்றுகள் உண்டு. கங்கைக் கரையிலிருந்த பாடலிபுத்திரத்தை மரமதில் சூழ்ந்திருந்ததென்றும், அதில் 570 கோபுரங்களும் 64 வாயில்களும் இருந்தனவென்றும் கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸ் எழுதினார். இன்றைய பாட்னா நகரின் புலந்திபாக் பகுதியில் தோண்டியபோது, இரண்டு வரிசையாக நட்ட பெருமரங்களோடு அந்த மதிலின் ஒரு பகுதி கிடைத்தது.

மரம் எப்படித் தப்பியது? மரத்தைத் தின்னும் பூஞ்சைக்குக் காற்று வேண்டும். நீர் ஊறிய களிமண்ணுக்குள் காற்றுப் புகுவது அரிது. ஆகவே, முழுதும் நனைந்திருக்கும் மரம் நிலைக்கிறது. நனைந்தும் காய்ந்தும் கிடப்பதே உக்குகிறது. இரத்தினபுரியின் ஆழமான மாணிக்கக் குழிகளிலும் நீர் ஊறிய மண்தான். அங்கு கிடைத்த யானை, காண்டாமிருகம், நீர்யானை ஆகியவற்றின் எச்சங்களை அறிஞர் பி. ஈ. பி. தெரணியகல ஆராய்ந்து உலகறியச் செய்தார்.

தமிழரின் பழந்துறைகளைச் சேறு இவ்வாறுதான் காத்தது. காவிரிப்பூம்பட்டினத்தை அடுத்த கீழையூரில் 1960களில் நடந்த அகழாய்வில், செங்கல்லால் கட்டிய படகுத்துறை ஒன்றும் படகு கட்டும் மரத்தூண்களும் வெளிவந்தன. மரத்தைக் கரிமக் கணிப்புக்கு உட்படுத்தியபோது காலம் கி.மு. 3ஆம் நூற்றாண்டை ஒட்டி அமைந்தது. உப்பை விற்று நெல்லேற்றி வந்த படகுகள், இலாயத்துக் குதிரைகள்போல் வரிசையாகக் கட்டப்பட்டிருந்ததாகப் பட்டினப்பாலை சொல்கிறது. புலவரின் உவமை என்று படித்து மகிழ்ந்த நமக்கு, கீழையூர் அந்தக் கட்டுத்தறிகளையே காட்டிவிட்டது. சேரர் முசிறியாகப் பலர் கருதும் கேரளப் பட்டணத்தில் 2007இல் தொடங்கிய அகழாய்வும், ஏறக்குறைய ஆறு மீற்றர் நீளமான குடைமரத் தோணியையும் தேக்குமர முளைகளையும் சேற்றிலிருந்து மீட்டது.

மன்னரின் பெயர்களைக் கல்வெட்டு காக்கிறது. முளையறைந்தவன், மூட்டை சுமந்தவன், கயிறு கட்டியவன் பெயர்களை எந்தக் கல்லும் சொல்லவில்லை. அவர்கள் கைபட்ட மரம் மட்டுமே அவர்களுக்குச் சாட்சி. மலையகத்திலே பெயரில்லாமல் உழைத்தவர்களின் சந்ததியினருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

இந்தச் சாட்சி மிக எளிதில் அழியும். நீரை வெளியேற்றினாலும், மரத்தை வெயிலில் போட்டாலும் அது சுருங்கி வெடிக்கும். ஆற்று மணலை அள்ளுவோர், ஆற்றின் அடியில் கிடக்கும் பழமையையும் சேர்த்தே அள்ளிவிடுகிறார்கள். அரநாயக்க மலைகளில் இறங்கும் நீர் மகாஓயாவோடு சேர்ந்து கொச்சிக்கடைக்கு அருகே கடலை அடைகிறது. அந்த வழியிலும், களனியின் வழியிலும் எத்தனை துறைகள் மண்ணுக்குள் இருக்குமோ!

ஆற்றோரத்தில் தோண்டும்போது கறுத்து நனைந்த, கோடாலிபட்ட அடையாளமுள்ள மரம் தட்டுப்பட்டால், விறகென்று பிளக்காதீர்கள். ஈரச் சாக்கால் மூடி வையுங்கள். தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். யட்டியாந்தோட்டையில் படகு கட்டிய கயிற்றின் தடம் அதிலே பதிந்திருக்கக்கூடும்.