பயணத்துக்கு ஒரு சிற்றலைப் பெட்டி

வானொலிப் பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகலாம் என்ற எண்ணத்துக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. இன்று அந்தப் பெட்டியை வாங்க நினைக்கிறவர்கள் குறைவு. ஆனாலும் மலைக்கும் காட்டுக்கும் போகிற பிள்ளைகளைப் பார்த்து, "கைப்பேசியில் சிக்னல் இல்லாவிட்டால் என்னப்பா செய்வாய்?" என்று நம்மில் பலர் கேட்கிறோம். அந்தக் கேள்விக்கு ஒரு பழைய விடை இருக்கிறது. அதன் வரலாற்றைச் சொல்லிவிட்டு, எந்த மாதிரிப் பெட்டி வாங்கலாம் என்பதையும் சொல்கிறேன்.

நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் வயதான ஆசிரியர்கள் வானொலியை "தே.எஸ்.எஃப்." என்பார்கள். கம்பியில்லாத் தந்தி என்பதன் சுருக்கம் அது. சிற்றலைக்கு "ஓந்த் கூர்த்" என்று பெயர். வானத்தில் பல நூறு கிலோமீட்டர் உயரம் வரை மின்னூட்டம் பெற்ற காற்று அடுக்குகள் உண்டு. சிற்றலை அவற்றில் பட்டுத் திரும்பித் தரைக்கு வரும், தரையில் பட்டு மறுபடி மேலே போகும். சுவரில் எறிந்த பந்து போல இப்படித் தத்தித் தத்திக் கடல் தாண்டிவிடும். நடுவில் கோபுரமோ கம்பியோ தேவையில்லை.

தூரத்துக் குடியேற்றங்களோடு பேச ஐரோப்பிய அரசுகளுக்கு இது வசதியாகப் போயிற்று. பாரீஸை அடுத்த வேன்சென்னில் காலனிக் கண்காட்சி நடந்த 1931 மே மாதத்தில் பிரான்ஸ் "போஸ்ட் கொலோனியால்" என்ற சிற்றலை நிலையத்தைத் தொடங்கியது. 1932 டிசம்பரில் பி.பி.சி.யின் எம்பயர் சர்வீஸ் வந்தது. 1940 ஜூன் 18 அன்று ஜெனரல் தெ கோல் லண்டனிலிருந்து பி.பி.சி. வழியாகத்தான் தம் நாட்டவரைப் போரைத் தொடர அழைத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் புதுச்சேரி ஆளுநர் லூயி போன்வேன் அவர் பக்கம் சேர்ந்தார்.

அந்நாளைய பெட்டிகள் மேசையை விட்டு நகராதவை. பயணத்துக்கென்று வந்தவற்றில் பெயர் பெற்றது அமெரிக்காவின் ஜெனித் நிறுவனம் 1942இல் விற்பனைக்குக் கொண்டுவந்த டிரான்ஸ் ஓஷியானிக். அதன் தலைவர் மெக்டொனால்டு படகுப் பயணத்தில் பிரியமுள்ளவர். கடலிலும் செய்தி கேட்க வேண்டும் என்பது அவர் ஆசை. சிறிய சூட்கேஸ் போலக் கைப்பிடியோடு இருக்கும். ரயிலும் விமானமும் உலோகக் கூடு என்பதால் உள்ளே அலை சரியாக நுழையாது. அதற்காகப் பெட்டியின் ஏரியலைக் கழற்றி ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள ரப்பர்க் கிண்ணங்கள் கொடுத்திருந்தார்கள். வால்வு செட் ஆதலால் 90 வோல்ட் பேட்டரி வேண்டியிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு மலை ஏறுவது சுலபமில்லை.

ஏறியவர்களும் உண்டு. 1953இல் ஜான் ஹண்ட் தலைமையில் போன எவரெஸ்ட் குழுவுக்காக அகில இந்திய வானொலியும் பி.பி.சி.யும் தனியாக வானிலை அறிக்கை ஒலிபரப்பின. காற்றும் பனியும் எப்போது ஓயும் என்பதுதானே அங்கே உயிர்ப் பிரச்சினை! ஜூன் 2 அன்று எலிசபெத் அரசியின் முடிசூட்டுச் செய்தி கேட்கலாம் என்று அடிவார முகாமில் பெட்டியைத் திருப்பியபோது, எவரெஸ்ட் வெல்லப்பட்ட செய்தி அதில் வந்தது. தங்கள் வெற்றி உலகத்துக்குத் தெரிந்துவிட்டது என்பதை அவர்கள் கூடாரத்தில் உட்கார்ந்தபடியே கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

1947இன் கடைசியில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. பத்து ஆண்டுக்குள் அது பெட்டியின் எடையையும் பேட்டரிச் செலவையும் குறைத்துவிட்டது. டார்ச் லைட்டுக்குப் போடுகிற செல்லே போதும் என்றானது. 1957இல் டிரான்ஸ் ஓஷியானிக்கே டிரான்சிஸ்டருக்கு மாறியது. நம் ஊரில் டிரான்சிஸ்டர் என்றாலே ரேடியோ என்று அர்த்தமானது இதற்குப் பிறகுதான். தோல் உறை போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு வயலுக்கும் கடற்கரைக்கும் போனவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தபாலாபீசில் ஆண்டுதோறும் லைசென்ஸ் புத்தகத்தைப் புதுப்பித்த கதையும் உங்களுக்கு நினைவிருக்கும்.

அதில் கேட்டது எதை? 1950களில் டெல்லி அமைச்சர் கேஸ்கர் சினிமாப் பாட்டுக்கு அகில இந்திய வானொலியில் கதவடைத்தபோது, ஜனங்கள் முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். மயில்வாகனன் குரலைத் தெரியாத வீடு நம் பக்கத்தில் உண்டா? இரவில் பி.பி.சி. தமிழோசை. 1941 மே மாதம் தொடங்கிய அந்தச் சேவைக்குத் தமிழோசை என்று பெயர் வைத்தவர் சோ. சிவபாதசுந்தரம். இலங்கையில் சண்டை நடந்த ஆண்டுகளில் உறவினரை அங்கே விட்டுவந்தவர்களுக்கு அந்தப் பெட்டி பொழுதுபோக்கு அல்ல. காதைப் பெட்டியோடு ஒட்டிவைத்துக் கேட்பார்கள்.

பழைய பெட்டிகளில் 25 மீட்டர், 31 மீட்டர் என்று அச்சிட்ட கோட்டில் விரலகலத்துக்குள் பத்துப் பதினைந்து நிலையங்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். 1980இல் சோனியின் ஐ.சி.எஃப். 2001 வந்து அந்தத் தொல்லையைத் தீர்த்தது. அலைவரிசை எண்ணைப் பொத்தானில் அடித்தால் நேராக நிலையத்தில் போய் நிற்கும். செல்லை மட்டும் விழுங்கித் தள்ளியது. 1988இல் கேசட் டப்பா அளவில் எஸ்.டபிள்யூ. 1 வந்தது. பயணிகளின் பெட்டி என்றால் அதைத்தான் சொல்ல வேண்டும்.

பிறகு செயற்கைக்கோளும் இணையமும் வந்தன. நிலையங்கள் ஒவ்வொன்றாகச் சிற்றலையை விட்டன. சுவிட்சர்லாந்து 2004இல், நெதர்லாந்தும் கனடாவும் 2012இல். தமிழோசை 2017 ஏப்ரல் 30 அன்று நின்றது. சட்டைப்பையில் இணையம் இருக்கும்போது இது எதற்கு என்பது அவர்கள் வாதம்.

வாதம் சரிதான், கோபுரம் நிற்கும் வரை. 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது அந்தமானில் தொலைபேசி அறுந்துபோயிற்று. அமெச்சூர் வானொலி ஒலிபரப்புக்காகப் போர்ட் பிளேருக்குப் போயிருந்த பாரதி பிரசாத் குழுவினர் சிற்றலையில்தான் வெளியுலகோடு பேசினார்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் புதுச்சேரியையும் கடலூரையும் அடித்தபோது பல நாள் மின்சாரம் இல்லை. 2022 மார்ச்சில் உக்ரைன் போர் மூண்டதும் பி.பி.சி. அந்நாட்டுக்காக நாளுக்கு நான்கு மணி நேரம் சிற்றலையை மறுபடி திறந்தது. மூடுவது எளிது, அவசரத்துக்குத் திறப்பதும் முடியும். ஆனால் கேட்பவன் கையில் பெட்டி இல்லாவிட்டால் திறந்து என்ன பயன்?

ஆகவே வாங்குவோருக்குச் சில வார்த்தைகள்.

எண் காட்டும் திரை வேண்டும். அலைவரிசையை 1 கிலோஹெர்ட்ஸ் நுட்பத்தில் காட்டினால் நல்லது. பழைய மீட்டர்க் கணக்கு பழகியவர்கள் 3,00,000ஐ மீட்டரால் வகுத்தால் கிலோஹெர்ட்ஸ் வந்துவிடும். 31 மீட்டருக்கு ஏறக்குறைய 9,700. மத்திய அலையும் எஃப்.எம்.மும் சேர்ந்தே இருக்க வேண்டும், ஏனென்றால் புயல் எச்சரிக்கை அங்கேதான் வரும். எஸ்.எஸ்.பி. என்ற வசதி இருந்தால் அமெச்சூர்காரர்கள் பேசுவதும் புரியும், இல்லாவிட்டால் வாத்துக் கத்துவது போலிருக்கும். எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கிற பென்சில் செல்லில் ஓடுவதாகப் பாருங்கள். சார்ஜ் செய்து மட்டுமே ஓடும் பெட்டி, மின்சாரம் இல்லாத நாளில் நம்மைப் போலவே சும்மா உட்கார்ந்திருக்கும். வீட்டில் வைக்கும்போது செல்லைக் கழற்றிவிடுங்கள், கசிந்தால் பெட்டி போயிற்று. இப்போது கிடைப்பவற்றில் பெரும்பாலானவை டெக்சன் போன்ற சீனத் தயாரிப்புகள்.

ஐந்தாறு மீட்டர் கம்பி ஒன்றைச் சுருட்டி உடன் வைத்துக்கொள்ளுங்கள். மரக்கிளையில் மாட்டி ஏரியலில் சுற்றினால் கேட்காத நிலையமும் கேட்கும். பகலில் 13 முதல் 25 மீட்டர் வரையிலும், இருட்டிய பிறகு 31, 41, 49 மீட்டரிலும் தேடுங்கள். வீட்டுக்குள் எல்.இ.டி. விளக்கும் சார்ஜரும் இரைச்சலை அள்ளிக் கொட்டும். ஊருக்கு வெளியே, விளக்கில்லாத இடத்தில் ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். சீனமும் அரபியும் ஆங்கிலமும் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. நீங்கள் எதைக் கேட்கிறீர்கள் என்பது உங்களுக்கும் பெட்டிக்கும் மட்டுமே தெரியும். கைப்பேசிக்கு அந்த நாகரிகம் கிடையாது.

பழைய பெட்டி பரணில் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். இறக்கித் துடைத்து, செல் போட்டு, பேரப்பிள்ளைக்கு முள்ளைத் திருப்பக் கற்றுக்கொடுங்கள்.