திண்ணையில் உட்கார்ந்த கணக்கு

செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1 அன்றுதான். அதற்கு முன், திருவிதாங்கூர்க் காலத்தில், இவ்வூர்க்காரர் நிலவரி கட்டப் போனது பகுதிக் கச்சேரிக்கு, பார்வத்தியக்காரரைப் பார்க்க. கூப்பிடு தூரத்துத் தென்காசிக் கிராமங்களில் அந்த வேலையைக் கிராம முன்சீப்பும் கர்ணமும் பார்த்தார்கள், பெரும்பாலும் தங்கள் வீட்டுத் திண்ணையிலேயே.

அந்தத் திண்ணையையும் ஓர் அலுவலகமாகப் பார்க்க வேண்டும். முதுகுக்குச் சுவர். மடிக்கு முன்னால் சரிந்த மூடி போட்ட கணக்குப் பெட்டி. மேசையும் அதுதான், அலமாரியும் அதுதான். மேலே மைக்கூடு, உள்ளே அடங்கல், சிட்டா என்னும் நிலக் கணக்கேடுகள். மூடி எழுதுகிறவர் பக்கமாகச் சரிந்திருப்பதால் எதிரில் இருப்பவர் கண்ணில் ஏடு படாது. கூட்டல் தப்பக் கூடாதென்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே தார்சா என்ற கூடத்துக்குப் போய்விடலாம். பேச ஓரிடம், கணக்குப் போட ஓரிடம். நடுவே ஒரு நிலைப்படி.

எல்லோரும் ஏறி உட்கார முடிந்த திண்ணை அல்ல அது. பலரைச் சாதி பார்த்துத் தெருவிலேயே நிற்கவைத்தது. 1980இல் எம்.ஜி.ஆர். அரசு பழைய கிராம அதிகாரிப் பதவிகளை ஒழித்ததும், ஏடுகள் வீட்டைவிட்டு வெளியே வந்ததும் நியாயம்தான். ஆனால் நிலைப்படியும் கூடவே போயிற்று. பல ஊர்களில், அவர்களுக்குப் பதிலாக வந்த கிராம நிர்வாக அலுவலருக்கு வாய்த்தது ஒற்றை அறை, ஒற்றை மேசை. சான்றிதழுக்கு வந்தவர்கள் சுற்றி நிற்க, அவர் அடங்கல் எழுத வேண்டியிருந்தது.

பேசவும் ஒதுங்கவும் இடம் தேடும் இதே சிக்கல் பெரிய அலுவலகங்களிலும் உண்டு. அமெரிக்காவில் ஹெர்மன் மில்லர் என்ற அறைகலன் நிறுவனத்துக்காக ராபர்ட் புராப்ஸ்ட் 1968இல் தடுப்புப் பலகை வைத்த மேசைகளைக் கொண்டுவந்தார். ஆளுக்கொரு மறைப்பு என்பது அவர் எண்ணம். நிறுவனங்கள் அதைக் கூண்டாகச் சுருக்கின. தடுப்பை எடுத்துவிட்டால் எல்லோரும் கலந்து பேசுவார்கள் என்று பிறகு நம்பினார்கள். ஈதன் பெர்ன்ஸ்டீனும் ஸ்டீபன் டர்பனும் 2018இல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொன்னது. திறந்த கூடத்துக்கு மாறியபின் நேருக்கு நேர் பேச்சு சுமார் 70 சதவீதம் குறைந்தது, மின்னஞ்சல் கூடியது. ஒதுங்க இடமில்லாதபோது மனிதர் காதில் ஹெட்போனை மாட்டியாவது ஒதுங்கிக்கொள்கிறார்.

அந்த அலுவலக உலகம் இந்த வட்டாரத்துக்கும் வந்தது. 2011இல் தென்காசிக்கு வந்த மென்பொருள் நிறுவனமான ஜோஹோ, மலையடிவாரத்து மத்தளம்பாறையில் வேர்விட்டது. ஜோஹோ டெஸ்க் அங்கே வளர்ந்த மென்பொருள். 2020 பெருந்தொற்றின்போது இந்த வட்டாரத்து வீடுகளுக்குள்ளும் மடிக்கணினி வந்தது. பைக் நிறுத்தத் திண்ணையை இடித்துவிட்ட வீடுகளில் அது கட்டில் ஓரத்தில் குடியேறியது, அடுக்களை மிக்ஸி சத்தத்துக்குப் பக்கத்திலேயே.