லண்டன் காற்று: கண்ணுக்குத் தெரிந்த புகையும் தெரியாத மாசும்

1952 டிசெம்பர் 5ஆம் திகதி லண்டனைச் சூழ்ந்த புகைமூட்டம் 9ஆம் திகதி வரை விலகவில்லை. வீடுகளிலும் மின்நிலையங்களிலும் எரிக்கப்பட்ட நிலக்கரியின் புகை, காற்று அசையாத குளிரில் நிலத்தோடு தேங்கி நின்றது. சுமார் 4,000 பேர் இறந்ததாக அன்று கணக்கிடப்பட்டது. பிந்திய ஆய்வுகள் அந்த எண்ணிக்கையை 12,000 வரை உயர்த்தின. நான்கே ஆண்டுகளில், 1956இல், தூய காற்றுச் சட்டம் வந்தது.

அந்தக் கரும்புகை இன்று இல்லை. இன்றைய மாசு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாதது. அதில் முக்கியமானவை இரண்டு.

நுண்துகள்கள் (பிஎம் 2.5): இவற்றின் விட்டம் 2.5 மைக்ரோமீற்றர் அல்லது அதற்கும் குறைவு. தலைமுடியின் தடிப்பில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. நுரையீரலின் ஆழம்வரை சென்று இரத்தத்திலும் கலக்கக்கூடியவை. வாகனப் புகை, விறகு அடுப்பு, டயர் மற்றும் பிரேக் தேய்மானம் ஆகியவற்றிலிருந்து வருகின்றன. ஆகவே மின்சாரக் கார்கூட இதற்கு முழு விதிவிலக்கல்ல.

நைதரசன் ஈரொட்சைட்டு: நகரத்தில் இது பெருமளவில் வாகனங்களிலிருந்து, குறிப்பாகப் பழைய டீசல் வாகனங்களிலிருந்து வருகிறது. சுவாசக் குழாய்களைப் பாதித்து ஆஸ்துமாவை மோசமாக்கும்.

இவற்றைக் காபனீரொட்சைட்டுடன் குழப்பக் கூடாது. அது பூமியை வெப்பமாக்கும் வாயு. 2001இல் பிரித்தானியா கார் வரியைக் காபனீரொட்சைட்டு அளவோடு இணைத்தபோது, அதைக் குறைவாக வெளியிடும் டீசல் கார்களுக்குச் சலுகை கிடைத்தது, அவை பெருகின. வெப்பமாதலுக்கு மருந்தாகக் கருதப்பட்டது, சுவாசத்துக்குக் கேடாக முடிந்தது.

லூயிஷம் பகுதியில் சவுத் சர்க்குலர் வீதிக்கு அருகே வாழ்ந்த எலா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற ஒன்பது வயதுச் சிறுமி, கடுமையான ஆஸ்துமாவால் 2013 பெப்ரவரியில் இறந்தார். அவரது மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என 2020 டிசெம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். பிரித்தானியாவில் அதுவே முதல் முறை.

பழைய வாகனங்களிடம் நாளொன்றுக்கு 12.50 பவுண் அறவிடும் யூலெஸ் மண்டலம், 2019 ஏப்ரலில் மத்திய லண்டனில் தொடங்கியது. 2021 ஒக்டோபரில் அது விரிந்தபோது சவுத் சர்க்குலர் வீதியே எல்லையானது. ஆனால் அந்த வீதி மண்டலத்துக்குள் சேர்க்கப்படவில்லை. 2023 ஓகஸ்ட் 29இல் லண்டன் முழுவதும் அதற்குள் வந்தது. அப்போது எலா இறந்து பத்து ஆண்டுகள் கடந்திருந்தன.

நைதரசன் ஈரொட்சைட்டுக்கான பிரித்தானியச் சட்ட எல்லை, ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீற்றர் காற்றில் 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது 10. சட்டத்துக்கு உட்பட்ட காற்று வேறு, பாதுகாப்பான காற்று வேறு.

அரசின் நாளாந்தக் காற்றுத் தரக் குறியீடு 1 முதல் 10 வரை உள்ளது. அது 7 அல்லது அதற்கு மேல் இருக்கும் நாளில், ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் வெளியே ஓடி விளையாடுவதைக் குறைப்பது நல்லது. பாடசாலைக்குப் பிரதான வீதியைத் தவிர்த்து உள்வீதியால் நடக்கலாம். வாசலில் காத்திருக்கும்போது கார் எஞ்சினை நிறுத்தலாம். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர்கள் நமது பிள்ளைகளே.