அரசு லேப்டாப்புக்கு எந்த லினக்ஸ்? பாஸும் மின்ட்டும்

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11க்குப் போக வேண்டுமானால் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சிப்பும் ஓரளவு புதிய பிராசசரும் தேவை. 2011 முதல் தமிழக அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் பெரும்பாலானவை இதில் தேறாது. கள்ளக்குறிச்சியிலும் கல்வராயன் மலை ஊர்களிலும் அந்த லேப்டாப்கள் இன்னும் வீடுகளில் இருக்கின்றன. அக்கா பிளஸ் டூவில் வாங்கியது இப்போது தம்பி கையில் இருக்கும்; பேட்டரி போயிருக்கும், சார்ஜர் மாட்டினால் ஓடும். அவற்றைப் பரண்மேல் போடாமல் லினக்ஸ் போட்டுப் படிக்கக் கொடுக்க வேண்டும். எந்த லினக்ஸ் என்பதில்தான் பேச்சு இருக்கிறது. எளியது என்று பெயர் எடுத்த இரண்டை இங்கே எதிரெதிரே வைத்துப் பார்க்கிறேன். ஒன்று, அந்த லேப்டாப்போடு அரசே கொடுத்த பாஸ். மற்றொன்று, லினக்ஸுக்குப் புதிதாக வருபவர்களுக்கு உலகெங்கும் கைகாட்டப்படும் மின்ட்.

பாஸ் என்பது ‘பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்’. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது, சென்னையில் வளர்ந்தது, முதல் பதிப்பு 2007இல் வந்தது. மின்ட் அதற்கு ஓராண்டு மூத்தது. அயர்லாந்தில் வாழும் பிரெஞ்சுக்காரர் கிளெமெண்ட் லெஃபெவ்ர் 2006இல் தொடங்கியது. பாஸ் நேராக டெபியன் என்ற லினக்ஸிலிருந்து பிறந்தது. மின்ட்டின் முதன்மைப் பதிப்பு உபுண்டு வழியாக அதே டெபியனுக்குப் போய்ச் சேருகிறது. ஒரே குடும்பம் என்பதால், ஒன்றில் பழகிய கட்டளைகள் மற்றதிலும் பெரும்பாலும் செல்லும். இரண்டிலும் லிப்ரே ஆபீஸ் ஓடும்.

தமிழில் பாஸ் முந்துகிறது. இந்திய மொழிகளுக்காகவே கட்டப்பட்டது அது. தமிழ் எழுத்துருவும் தட்டச்சு வசதியும் உள்ளேயே வரும். மெனுக்களைத் தமிழில் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அதைச் செய்தவர்களுக்குத் தொடக்கத்திலிருந்தே இருந்தது. மின்ட்டில் மொழியைத் தமிழாக்கினால் சில மெனுக்கள் தமிழிலும் சில ஆங்கிலத்திலும் நிற்கும். தட்டச்சில் இன்னொரு முடிச்சு உண்டு. கீபோர்டு அமைப்பில் போய்த் தமிழ்நெட்99 என்று தேர்ந்தெடுத்தால் எழுத்துகள் வரும். ஆனால் தமிழ்99 பழகியவர்கள் ‘அம்மா’ என்று அடிக்கும்போது ம-வை இரண்டு முறை தட்டுவார்கள். முதல் ம-வுக்குப் புள்ளி தானாக விழ வேண்டும். இங்கே அது விழாது. அதற்கு ஐபஸ், எம்17என் என்ற இரண்டு தட்டச்சு மென்பொருள்களையும் தனியாக நிறுவி, தமிழ்99 விசைப்பலகையைச் சேர்க்க வேண்டும். தெரிந்தவருக்குச் சில நிமிட வேலை. தெரியாத மாணவி “லினக்ஸ்ல தமிழ் சரியா வராது” என்று மூடிவைத்துவிட்டுப் போய்விடுவாள். உலகமே எளியது என்று புகழும் ஒன்று தமிழ்ப் பிள்ளைக்கு முதல் நாளே கடினமாகத் தெரிவது இந்த இடத்தில்தான். மின்ட்டைப் பரிந்துரைப்பவர்கள் இதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

மற்றவற்றில் பெரும்பாலும் மின்ட்டின் கை ஓங்கியிருக்கிறது. விண்டோஸ் 7 பழகியவருக்கு மின்ட்டின் சினமன் திரையில் எதையும் தேட வேண்டியிருக்காது. இடது மூலையில் மெனு, கீழே பட்டை, வலது மூலையில் கடிகாரம். கல்வராயன் மலைக்குப் பொருத்தமான குணங்கள் இன்னும் உள்ளே இருக்கின்றன. இறக்குவதில் மட்டும் ஒரு சிக்கல்: மின்ட்டின் நிறுவல் கோப்பு கிட்டத்தட்ட 3 ஜிபி. ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி டேட்டா பேக் வைத்திருக்கும் மாணவன் மலைமேலுள்ள வெள்ளிமலையில் உட்கார்ந்து இதை இறக்க முடியாது. சிக்னலே சரியாக எட்டாத குக்கிராமங்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கள்ளக்குறிச்சிக்கு வரும்போது யாரிடமாவது 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். அந்தப் பென்டிரைவிலிருந்தே கணினியை ஓட்டி வைஃபை, ஒலி, டச்பேட் எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு நிறுவினால் போதும். நிறுவிய பின் ஏதாவது கெட்டுப்போனால் ‘டைம்ஷிஃப்ட்’ என்ற கருவி முந்தைய நிலைக்குத் திருப்பிக் கொண்டுவரும். முன்கூட்டியே ஒரு பிரதி எடுக்கச் சொல்லி அமைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கெடுத்துவிடுவோமோ என்ற பயம் இல்லாமல் ஒரு பிள்ளை கணினியைக் குடைந்து பார்க்க முடிவது பெரிய விஷயம். மலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக இறங்கி வந்து, சர்வீஸ் கடையில் பணம் கொடுத்து ஃபார்மேட் அடித்துக்கொண்டு போகும் செலவும் அலைச்சலும் மிச்சம்.

பழைய கருவிக்கும் மின்ட்டில் வழி இருக்கிறது. தொடக்கத் தவணைகளில் வந்த லேப்டாப்களில் 2 ஜிபி ராம்தான். அதற்குச் சினமன் வேண்டாம், எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு போதும். அப்போதும் பிரௌசரில் நான்கைந்து பக்கம் திறந்தால் மூச்சு வாங்கும். ராமை 4 ஜிபி ஆக்கி, பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு சிறிய எஸ்எஸ்டி போட்டால் அதே லேப்டாப் இன்னும் சில ஆண்டுகள் ஓடும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை புதுப்பிப்பு உண்டு என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இரண்டும் ஒன்றுபோலத் தடுக்கி விழும் இடம் ஜெராக்ஸ் கடை. டிடிபி வேலை இன்னும் பேஜ்மேக்கரிலும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களிலும் நடக்கிறது. அங்கே அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத லினக்ஸில் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குப்பை தெரியும். கடைகளில் பரவலாக இருக்கும் கேனன் எல்பிபி 2900 பிரிண்டரை லினக்ஸில் இயங்க வைப்பது அனுபவசாலிக்கே பொறுமையைச் சோதிக்கும் வேலை. எச்பி பிரிண்டர் என்றால் பெரும்பாலும் தொல்லை இல்லை. ஆகவே கடைக்காரரை லினக்ஸுக்கு மாறச் சொல்ல நான் துணியமாட்டேன். மாணவருக்கும் ஆசிரியருக்கும் அந்தத் தடை கிடையாது. பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் பதிவேடு ஆசிரியருக்குப் பிரௌசரில் திறக்கிறது. மாணவரின் பைத்தான் பாடத்துக்கு லினக்ஸே சரியான இடம்.

அப்படியானால், கையில் கொண்டுவந்து கொடுத்த பாஸ் ஏன் நிலைக்கவில்லை? பாஸின் தரத்தைக் குறை சொல்வது எளிது. காரணம் அதுவல்ல என்பது என் முடிவு. தமிழ்நாடு லினக்ஸைத் தொட்ட வரலாற்றைப் பாருங்கள். 2006-08 வாக்கில் ஐஏஎஸ் அதிகாரி சி. உமாசங்கர் மாநில அரசின் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது பள்ளி ஆய்வகங்களுக்குச் சூசே லினக்ஸை முன்னெடுத்தார். 2011இல் லேப்டாப் திட்டம் வந்தபோது விண்டோஸோடு பாஸ் வந்தது. 2018இல் புதிய பதினோராம் வகுப்புக் கணினிப் பாடநூல் வந்தபோது அதில் இருந்தது உபுண்டு. ஆய்வகத்தில் ஒன்று, லேப்டாப்பில் ஒன்று, புத்தகத்தில் மற்றொன்று. புத்தகத்தில் படித்த படத்தைத் தன் திரையில் காணாத பிள்ளை, பக்கத்திலேயே இருந்த விண்டோஸுக்குள் போனதில் வியப்பில்லை. விண்டோஸ் பழுதாகிக் கடைக்குப் போனபோது ஃபார்மேட்டில் பாஸ் சேர்ந்து அழிந்தது. அழிந்ததை யாரும் தேடவில்லை, ஏனென்றால் அதில் எந்தப் பாடமும் இல்லை, எந்தத் தேர்வும் இல்லை.

கேரளம் வேறு விதமாகச் செய்தது. ஐடி@ஸ்கூல் திட்டம், அதிலிருந்து வந்த கைட் நிறுவனம் இரண்டும் பள்ளிக்கென ஒரே லினக்ஸைத் தயாரித்து, ஆசிரியருக்கு அதில் பயிற்சி கொடுத்து, பாடநூலையும் செய்முறைத் தேர்வையும் அதிலேயே வைத்தன. அவர்கள் பின்னாளில் எடுத்துக்கொண்டது உபுண்டுவைத்தான்; பாஸைவிட அது வானளாவ உயர்ந்தது என்று யாரும் சொல்ல முடியாது. அதே உழைப்பைத் தமிழ்நாடு பாஸுக்குச் செலவிட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. அந்த வருத்தம் எனக்கு உண்டு.

இன்றைய நிலையில் என் தேர்வு மின்ட். பாஸின் நல்ல குணத்தை அதில் சேர்த்துவிட்டுத்தான். பென்டிரைவைக் கொடுப்பவர் ஐபஸ், எம்17என், ஓரிரு தமிழ் எழுத்துருக்கள் ஆகியவற்றின் டெப் நிறுவல் கோப்புகளையும் அதற்குத் தேவையான துணைக் கோப்புகளோடு தனி ஃபோல்டரில் போட்டுக் கொடுக்க வேண்டும். மலையில் இணையம் இல்லாமலே தமிழ்99 அமைந்துவிடும். சந்தேகம் வந்தால் படிக்க, கணியம் தளத்தின் ‘எளிய தமிழில்’ வரிசை மின்னூல்களும் அதே பென்டிரைவில் இருக்கட்டும். ஆள் துணைக்கும் பக்கத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமாவதற்கு முன்பு விழுப்புரத்தோடு இருந்தது. அந்த விழுப்புரத்தில் விஜிஎல்யுஜி என்ற குனு/லினக்ஸ் பயனர் குழு கிராமப்புற மாணவர்களுக்கு இலவசமாகக் கட்டற்ற மென்பொருள் பயிற்சி கொடுத்துவருகிறது. அப்படியொரு குழு கள்ளக்குறிச்சியில் கல்லூரி மாணவர்களைக் கொண்டு உருவாக வேண்டும். முதல் வேலையாக மலையிலுள்ள பழங்குடியினர் நல உண்டு உறைவிடப் பள்ளிகளுக்குப் போக வேண்டும். விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலையில் நேரம் உண்டு. ஒரே பென்டிரைவ் ஒரு வாரத்தில் பள்ளியின் எல்லாக் கணினிகளுக்கும் போதும்.