ஆறுமுகத்தின் பிள்ளைகள்



கிள்ளான் வட்டாரத்துத் தோட்டப் பள்ளியொன்றில் பாடம் நடத்தும் நாம், ஒருநாள் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு மலாய்ப் பாட்டைப் போட்டுக் காட்டினோம். பாடுகிறவர்கள் யார் என்று கேட்டோம். "மலாய்க்காரர்கள்" என்றனர் பிள்ளைகள். டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்று பெயர்களைச் சொன்னதும் வகுப்பே சிரித்தது. ஆசிரியர் விளையாடுகிறார் என்று நினைத்துவிட்டார்கள்!

ஆலிகேட்ஸ் என்னும் இசைக்குழுவின் கதை பினாங்கில் தொடங்குகிறது. பி. ரம்லி பிறந்த தீவு அது. 1960களின் இறுதியில் இச்சகோதரர்கள் குழுவை அமைத்தார்கள். எழுபதுகளில் ஹாங்காங் சென்று, இரவு விடுதிகளில் ஆங்கிலப் பாடல்களைப் பாடிப் பிழைத்தார்கள். வந்து உட்காருகிறவன் கேட்கும் பாட்டைப் பாடியாக வேண்டும். அதைவிடக் கடுமையான பயிற்சிக் கல்லூரி எது?

அவர்கள் வளர்ந்த காலத்தில் நாட்டின் மொழிநிலை மாறிக்கொண்டிருந்தது. 1967இல் தேசிய மொழிச் சட்டம் வந்தது. 1970இல் ஆங்கிலத் தொடக்கப் பள்ளிகளின் முதலாம் ஆண்டு வகுப்புகள் மலாய்மொழிக்கு மாறத் தொடங்கின. நம்மவர் பலர் அம்மொழியைத் தேர்வுத்தாளாகவே கண்டு அஞ்சினர். இச்சகோதரர்களோ நாடு திரும்பி, எழுபதுகளின் இறுதியிலிருந்து அதே மொழியில் காதலையும் பிரிவையும் பாடினார்கள். சிங்கப்பூரில் பிறந்த எம். நாசிர் போன்ற இசையமைப்பாளர்கள் அவர்களுக்கு மெட்டமைத்தார்கள். 'செகுந்தும் மாவார் மேரா, செபுவா புவிசி' என்ற பாட்டு, அதாவது ஒரு சிவப்பு ரோஜா, ஒரு கவிதை, கம்பத்திலும் பட்டணத்திலும் ஒலித்தது. அவர்களுடைய பரந்து சுருண்ட தலைமுடியும் மக்களுக்கு மிகவும் பழகிப்போயிற்று. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அந்த முடிமட்டும் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

நாம் சிறுவராயிருந்தபோது அப்பாவுடன் பிரிக்ஃபீல்ட்ஸ் சென்று தமிழ்ப் படப்பாடல் ஒலிநாடா வாங்குவோம். வீடு திரும்பும் பேருந்தில் ஓட்டுநர் போடுவது ஆலிகேட்ஸ் பாட்டு. "நம் பிள்ளைகள் தமிழில் பாடக் கூடாதா?" என்று அப்பா முணுமுணுப்பார். அந்தக் குறையை நாம் தள்ளிவிடவில்லை. தமிழில் பாடுகிறவர்களுக்கும் அவ்வளவு பெரிய மேடை கிடைத்திருந்தால் நல்லதுதான். ஆனால் அவர்கள் நமக்கு அந்நியராகிவிட்டார்கள் என்று அப்பா சொன்னதை மட்டும் நாம் ஏற்கவில்லை. பெயரை அவர்கள் மாற்றிக்கொள்ளவில்லையே! வானொலி அறிவிப்பாளர் ஒவ்வொரு முறையும் 'ஆறுமுகம்' என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

2007ஆம் ஆண்டு ஜூன் மாதம் லோகநாதன் நுரையீரல் புற்றுநோயால் காலமானார். 'நான் முன்னே போய்விட்டால்' என்று பொருள்படும் தலைப்பில் அக்குழுவின் பழைய மலாய்ப் பாட்டொன்று உண்டு. அதை அதற்குப்பின் நம்மால் முழுதாகக் கேட்க முடிந்ததில்லை. தம்பி போன பிறகும் டேவிட் குழுவைக் கலைக்காமல் மேடையேறினார்.

அன்று வகுப்பில் உரக்கச் சிரித்தவன் ஒரு பையன். மலாய்ப் பாடத்தில் எழுந்து நின்றாலே அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இரண்டு வாரம் கழித்து, வாய்மொழிப் பயிற்சிக்கு இந்தச் சகோதரர்களையே தலைப்பாக எடுத்துக்கொண்டு வந்தான். நடுவில் இரண்டு இடத்தில் தடுமாறினான். 'ஆறுமுகம்' என்ற சொல்லை மட்டும் அடுத்த வகுப்புக்கும் கேட்கும்படி சொன்னான்.